ஊக்கு வைத்திருந்த ரோபோ

போன வாரம் சென்னையில் ஒரு ஷூ கடையில் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் புதுப் பெட்டி ஒன்றைத் திறந்தார். மெல்லிய தாளுக்கு அடியிலிருந்து தோல் வாசனை எழுந்தது. அவ்வளவுதான், விலை கேட்பதை விட்டுவிட்டு நான் ஆம்பூருக்குப் போய்விட்டேன். ஆம்பூர்க்காரர்களுக்கு மூக்கு இரண்டு என்று அப்பா சொல்வார். ஷூ பெட்டியைத் திறக்க ஒன்று, தோல் தொழிற்சாலைக் கால்வாயைக் கடக்க ஒன்று. இரண்டாவதை மூடிக்கொள்ளப் பழகிவிட்டால் ஊர் ரொம்ப நல்ல ஊர்.

அப்பாவுக்கு ஷூ கம்பெனியில் வேலை. ஏற்றுமதிக்குத் தேறாமல் கழித்துவிட்ட ஜோடிகள்தான் எனக்கு வரும். இடது கால் கறுப்பு என்றால் வலது கால் கொஞ்சம் பழுப்படித்திருக்கும். கல்லூரி கம்ப்யூட்டர் லேபுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரும் சாமியும் ஒன்று. வாசலில் எத்தனை ஜோடி குவிந்து கிடந்தாலும் என்னுடையதை யாரும் மாற்றிப் போட்டுக்கொண்டு போனதில்லை.

அந்த லேபில்தான் எங்கள் பேஜார் பிறந்தான். பேஜார் ஒரு ரோபோ. இரும்பு ரோபோ என்று நினைத்துவிடாதீர்கள். திரையில் மட்டும் ஓடுகிற, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பீரங்கி வண்டி. இரண்டாயிரத்துக்குப் பிறகு அப்படி ஒரு விளையாட்டு வந்திருந்தது. ஆடுகிறவர் கையால் எதையும் அசைக்கக் கூடாது. எப்போது நகர வேண்டும், எப்போது சுட வேண்டும் என்று முன்னாலேயே நிரல் எழுதிக் கொடுத்துவிட்டு, எதிராளியின் ரோபோவோடு களத்தில் இறக்கிவிட வேண்டும். அதற்குமேல் நம் கையில் ஒன்றுமில்லை. பிள்ளையைப் பரீட்சை ஹாலுக்குள் அனுப்பிவிட்டு கேட்டுக்கு வெளியே நிற்கிற அம்மாவின் நிலைமைதான்.

மூன்றாம் வருடம் எங்கள் துறைத் தலைவர் வகுப்புக்குள் ஒரு போட்டி வைத்தார். ஜெயிக்கிறவர்கள் தினமும் சாயங்காலம் ஆறரை வரை லேபில் இருக்கலாம் என்றார். பையன்கள் சிரித்தார்கள். அவர்கள் ஏற்கெனவே ஆறரை வரை இருந்தார்கள். பெண்களைத்தான் நாலரைக்கே கிளப்பிவிடுவார்கள். வகுப்பு முடிந்து நாங்கள் ஓடிப் போய் உட்கார்ந்தால், அந்தக் கம்ப்யூட்டர் கண் விழிப்பதற்குள் மணி அடித்துவிடும். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. அடுத்த வருடம் ப்ராஜெக்ட் வேறு. எனக்கு அந்தப் பரிசு வேண்டும், வெறியாக வேண்டும்.

நஸ்ரீனுக்கும்தான். நஸ்ரீன் அடுத்த தெரு, என் தோஸ்த். லேப் நேரம் கம்மி என்பதால் பேஜாரை நாங்கள் பெரும்பாலும் கல்லூரியிலிருந்து வீடு திரும்பும் ஆம்பூர் பஸ்ஸில் நின்றுகொண்டேதான் உருவாக்கினோம். நான் வீரத்தமிழச்சியாக, கண்ட திசையெல்லாம் சுடும் ஒரு ரோபோவை மனதில் வைத்திருந்தேன். ஒரு நாள் பள்ளிகொண்டாவில் கூட்டம் ஏறியது. பின்னால் ஒரு ஆள் நின்றார். பஸ் வளைவதற்கு முன்னாலேயே நஸ்ரீன் என்னைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். அந்த ஆள் சாய வந்து, காற்றில் சாய்ந்து, கம்பியில் இடித்துக்கொண்டார்.

“எப்டிடி தெரிஞ்சுது?” என்று கேட்டேன்.

“சாயறதுக்கு முன்ன தோள் எறங்கும். எறங்கின உடனே நகந்துடணும். அப்பவும் உடலன்னா ஊக்கு.” பர்தாவில் குத்தியிருந்த ஊக்கைத் தொட்டுக் காட்டினாள். அப்புறம், “ஏய், இதையே எழுதிடலாம்டி” என்றாள்.

விஷயம் இதுதான். அந்த விளையாட்டில் ஒவ்வொரு ரோபோவுக்கும் கொஞ்சம் சக்தி உண்டு. ஒரு முறை சுட்டால் அதில் சிறிது குறையும். எதிராளியின் சக்தி எவ்வளவு என்று நம் ரோபோவுக்குத் தெரியும். அது லேசாகக் குறைந்தால், குண்டு கிளம்பிவிட்டது என்று அர்த்தம். அதுதான் தோள் இறங்குவது. உடனே பக்கவாட்டில் நகர்ந்துவிடு. அவன் சுட்ட பிறகு மட்டும் திருப்பிச் சுடு. நாமாக முதலில் சுடக் கூடாது என்று நான்தான் ஒரு வரி சேர்த்தேன். வம்புக்குப் போகாதே என்று வீட்டில் ஊட்டி வளர்த்தது நிரலிலும் வந்து உட்கார்ந்துகொண்டது.

கடைசி ஆட்டம் சுரேஷோடு. ஜோலார்பேட்டை ரயில்வே வீட்டுப் பிள்ளை, வகுப்பின் சூரன். அவன் ரோபோவுக்குப் பெயர் எக்ஸ்பிரஸ். முதல் சுற்றில் எக்ஸ்பிரஸ் சுட்டுத் தள்ளியது. பேஜார் ஒவ்வொன்றுக்கும் அலட்டிக்கொள்ளாமல் ஒதுங்கினான், நடுவில் ஒரு குத்து வைத்தான். எக்ஸ்பிரஸ் சுட்டே களைத்து நின்றுவிட்டது. பெண்கள் பக்கம் விசில் பறந்தது.

சுற்றுக்குச் சுற்று நிரலை மாற்றலாம் என்பது விதி. சுரேஷ் லேசுப்பட்டவன் இல்லை. எங்கள் ரகசியத்தைப் பிடித்துவிட்டான். இரண்டாம் சுற்றில் எக்ஸ்பிரஸ் சுடவே இல்லை. பேஜாரும் சுடவில்லை. கல்யாணப் பந்தியில் நீங்க மொதல்ல உக்காருங்க என்று நிற்கிற சம்பந்திகள் மாதிரி இரண்டும் நின்றன. யாரும் சண்டை போடாவிட்டால் அந்த விளையாட்டே இருவர் சக்தியையும் உறிஞ்சத் தொடங்கிவிடும். பேஜார் சுற்றின் தொடக்கத்தில் இடம் பிடிக்கப் போய்ச் சுவரில் உரசிக் கொஞ்சம் இழந்திருந்தான். ஒரு குண்டும் படாமல், மரியாதையாக நின்ற இடத்திலேயே செத்தான்.

மூன்றாம் சுற்றுக்கு முன்னால் நிரலைத் திறந்துவைத்து உட்கார்ந்தேன். சுவரில் உரசாமல் இருக்க ஏதாவது செய்யலாமா என்று தடவிக்கொண்டிருந்தேன். நஸ்ரீன் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள்.

“எத்தினி நாளைக்குத்தான் அவன் சாயட்டும்னு காத்துகினு இருப்ப?”

நான் எழுதிய அந்த ஒரு வரியை அழித்தாள். ஆட்டம் தொடங்கியதுமே பேஜார் சுட்டான். எக்ஸ்பிரஸ் இன்னும் பந்தியில் அழைப்புக்காக நின்றுகொண்டிருந்தது. அது திருப்பிச் சுட ஆரம்பித்தபோது பேஜார் பழைய வேலையைக் காட்டி ஒதுங்கிக்கொண்டான். கொஞ்சூண்டு உயிரோடு ஜெயித்தான். நான் அழுதேன், வெட்கமே இல்லாமல்.

துறைத் தலைவர் வாக்குத் தவறவில்லை. அனுமதி எங்கள் இருவருக்குத்தான். ஆனால் மறுநாள் சாயங்காலம் வகுப்புப் பெண்கள் எல்லோரும் பின்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். லேப் சார் ஒரு முறை பார்த்தார். “இன்னாம்மா, எல்லாரும் ஜெயிச்சீங்களா?” என்று கேட்டார். ஆமாம் சார் என்றோம். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

இன்று அந்த லேப் இல்லை. பிள்ளைகள் ஆளுக்கொரு லேப்டாப்போடு வருகிறார்களாம். வாசலில் செருப்புக் குவியல் இல்லை. பேஜாரைச் சேமித்து வைத்த பிளாப்பியும் இல்லை, இருந்தாலும் அதைச் செருகுவதற்கு ஒரு இடம் இல்லை. நினைத்தால் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் மனசு வலிக்கிறது. அந்த ஒரு வரி போனதற்கு மட்டும் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.