எடைக்கல் உடைத்த பல்லும் நான் ஒடித்த கையும்

அண்ணன் அவர்கள் மறைந்து ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதச் சொன்னார்கள். என் கெட்டதை விட்டுவிட்டு அவர் நல்லதை எழுத முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழனி அடிவாரத்தில் தேங்காய், சூடம் விற்ற வீட்டில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்விட, கடையில் நின்றுகொண்டே படித்து, கல்லூரியில் பௌதிக ஆசிரியரானார். புகுமுக வகுப்பில் விடையை அவர் சொல்லவே மாட்டார். கேள்வி போடுவார், கை தூக்கச் சொல்வார், "பக்கத்துல இருக்கவன்கிட்ட சண்டை போடுங்கப்பா" என்பார். அதற்குப் பிறகுதான் சோதனை. "இது வகுப்பா, மாட்டுச் சந்தையா?" என்று மற்ற ஆசிரியர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

ஒருநாள் எங்கள் கடை எடைக்கல்லை உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, தம் வாயருகே இழுத்துப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றார். "விட்டா, போயிட்டுத் திரும்பி வந்து என்னை இடிக்குமா, இடிக்காதா?" இடிக்கும் என்று கை தூக்கியவன் ஒருவன்தான். மலைமேல் இருக்கும் பூண்டியிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பையன். "நீயே வந்து விடுப்பா" என்றார். வெறுமனே விட்டிருந்தால் இடித்திருக்காது. அவனோ, ஊஞ்சலை ஆட்டுகிற பழக்கத்தில் தள்ளிவிட்டான். முன்பற்கள் இரண்டும் தெறித்தன, சட்டையெல்லாம் ரத்தம். அந்த வாயோடு, "ஏன் இடிச்சுது? பேசி முடிவு பண்ணுங்க" என்றாராம்!

என் காதுக்குப் பாதிதான் வந்தது: "மலைக்காரப் பய உங்கண்ணன் பல்லை ஒடைச்சுட்டான்." தராசின் இரும்புத் தண்டை உருவிக்கொண்டு ஓடினேன். விடுதி வாசலில் அவன் முடியைப் பிடித்து இழுத்துப் போட்டு அடித்தேன். "தெரியாமத் தள்ளிட்டேண்ணே!" என்று அலறினான். வலது கை ஒடிந்த சத்தம் கேட்டும் நிறுத்தவில்லை, பாவி நான்.

கல்லூரியில் அவனை நீக்கச் சொன்னார்கள். "விடச் சொன்னது நான், என்னை நீக்குங்க" என்றார் அண்ணன். அவனை வீட்டுக்கே கூட்டிவந்தார். என்னிடம், "ஏலே, அடிக்கிறதுக்கு முன்ன அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" என்றவர், பரீட்சை முடியும்வரை என்னோடு பேசவே இல்லை. அண்ணி அவனுக்குச் சோறு ஊட்டினார். அண்ணன் இடது கையால் எழுதப் பழக்கினார். தேறினான். கை மட்டும் நேராகவில்லை.

நெஞ்சு நோயில் படுத்திருந்த கடைசி நாட்களில், "அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டியா?" என்று அண்ணன் கேட்டார். "பாத்துக்கலாம்ணே" என்றேன்.

வீடு தேடி வந்து பார்த்த மருத்துவருக்கும், சோறு தண்ணி கொடுத்த அடிவாரத்துக் கடைக்காரர்களுக்கும் எங்கள் நன்றி. பாடை சுமந்தவர்களில் அந்தப் பூண்டிப் பையனும் ஒருவர். இன்று அவரும் பௌதிக ஆசிரியர். இனி அவன் என்று எழுத மாட்டேன். அன்று எனக்கு முன்னால்தான் நடந்தார். வாய் திறக்கத் தைரியம் வரவில்லை.

தம்பி, உங்கள் கையை ஒடித்தது என் குற்றம். சொந்தபந்தம் எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன். என்னை மன்னித்துவிடுங்கள்.