பனம்பழத்தில் தோய்த்த பிள்ளைத்துணி

பேரப்பிள்ளையின் கன்னத்தில் சிவப்பாகப் பொரிபொரியாகப் போட்ட அன்றே என் நிம்மதி போய்விட்டது. குழந்தை முகத்தைச் சுளித்துச் சுளித்து அழும்போதெல்லாம், பிள்ளைப்பேற்றுக்கென்று வந்திருந்த என் மகளும் சேர்ந்து அழுதாள். காட்டப் போன இடத்தில் டொக்டர், "துணி தோய்க்கிற சவர்க்காரத்தூள் ஒத்துக்கொள்ளேல்லைப் போல. கொஞ்ச நாளைக்கு அதை விட்டுப் பாருங்கோ," என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. மிச்சத்தை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டார்.

பென்சன் எடுத்த மனுசனின் கையில் ஒரு போனும் இருந்து, பேரப்பிள்ளைக்கு வருத்தமும் வந்தால் வேறென்ன நடக்கும்? நாள் முழுக்க வீடியோ பார்த்தார். வீட்டிலிருந்த தூளையெல்லாம் தூக்கி அயலுக்குக் கொடுத்தார். இனி எல்லாத் துணியும் இயற்கை முறையில்தானாம். அவருடைய சேட்டுகள் மட்டும் வழமைபோல லோன்றிக்குப் போய், கஞ்சியும் வாசமுமாக மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தன. பிள்ளை பார்க்க ஆட்கள் வருவார்களாம், ஒரு மரியாதை வேண்டுமாம்.

"உங்கடை சேட்டையும் இதுக்குள்ளை போடுங்கோவன்," என்றேன்.

"என்ரை சேட்டுக்கும் பிள்ளைக்கும் என்னப்பா சம்பந்தம்? நீர் சும்மா இரும்."

முதலில் பூந்திக்கொட்டை வந்தது. அவித்துப் பிசைந்து தோய்க்கச் சொன்னார். எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தாலே கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும். அதில் நுரை எங்கே வரும்? வெள்ளைத் துணியெல்லாம் தேத்தண்ணி நிறமானதுதான் மிச்சம். அடுத்தது சாம்பல் தண்ணி. அது என் விரல் நுனிகளை எரித்தது. தோய்ப்பது நான், முருங்கை மரத்தடிக் கதிரையில் இருந்து மேற்பார்வை பார்ப்பது அவர். பிள்ளையின் கன்னமோ அப்படியேதான் இருந்தது.

அது ஆவணி மாதம். வளவெல்லாம் பனம்பழம் விழுகிற காலம். ஒரு நாள் காலையில் கை நிறையப் பழத்தோடு வந்து நின்றார்.

"சண்டைக் காலத்திலை சவர்க்காரம் வராமல் நிண்டபோது இதிலைதானே தோய்ச்சனாங்கள்? ஆருக்கு என்ன வந்தது?"

"ஒருத்தருக்கும் ஒண்டும் வரேல்லை. மாடு வந்தது. மறந்திட்டியளே?"

"அது அந்தக் காலத்து மாடு," என்றார்.

இந்த மனுசனோடு என்ன கதைப்பது! பழக்களி பிசைந்து, துணி கும்மி, அலசி, தேசிக்காய்ப்புளியும் விட்டு இன்னொரு தரம் அலசிக் கொடியில் போட்டேன். முதுகு விட்டுப்போனது. எத்தனை தரம் அலசினாலும் அந்தப் பனம்பழ வாசம் போகவில்லை. குசினிக்குள் போய் உலையை வைத்துவிட்டுத் திரும்புகிறேன், வேலிப் பொட்டுக்குள்ளால் வந்த பக்கத்து வளவு மாடு கொடியடியில் நின்று துணிகளை ஒவ்வொன்றாக இழுத்துச் சப்பிக்கொண்டு நிற்கிறது. கலைத்தால் என்னைப் பார்த்துக்கொண்டே சப்புகிறது. ஐயோ, எனக்கு வந்த விசருக்கு மாட்டைத் திட்டுவதா, மனுசனைத் திட்டுவதா என்று தெரியவில்லை. இரண்டு பேரையும் திட்டினேன்.

பிள்ளைக்கு மாற்றத் துணியில்லை. அவருடைய பழைய வேட்டி ஒன்றைக் கேட்காமலே கிழித்து, வெறும் சுடுதண்ணீரில் அலசி, வெயிலில் போட்டேன். பின்னேரம் அழுத பிள்ளையை அவர் தூக்கி, வழமைபோல இடது தோளில் சாய்த்துக்கொண்டு விறாந்தையில் நடந்தார். அப்போதுதான் கண்டேன். பிள்ளையின் சிவந்த கன்னம் அவருடைய சேட்டில் அழுந்திக் கிடந்தது. மற்றக் கன்னத்தில் ஒரு பொரி கிடையாது. கிட்டப் போய் மணந்து பார்த்தேன். லோன்றி வாசம் மூக்கில் அடித்தது.

"கழட்டுங்கோ சேட்டை!"

"ஏனப்பா, ஆக்கள் வாற நேரம்..."

"பிள்ளையின்ரை எந்தக் கன்னம் சிவந்திருக்கெண்டு பாருங்கோ. நீங்கள் எந்தத் தோளிலை வைச்சிருக்கிறியள் எண்டும் பாருங்கோ."

பார்த்தார். முகம் செத்துப்போனது. பிள்ளையை மகளிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

அதற்குப் பிறகு இன்னொரு கரைச்சல் தொடங்கியது. மனுசன் பிள்ளையைத் தொடவே மாட்டேன் என்றார். கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்ப்பார், நான் திரும்பினால் வேறெங்கோ பார்ப்பார். கன்னம் மெல்ல மெல்லத் தெளிந்தது. "அப்பா, தூக்குங்கோ," என்று மகள் கெஞ்சியும் அசையவில்லை. கடைசியில் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு காலை, குளித்துவிட்டு வெறும் மேலோடு வந்தவரை மறித்து, "பிடியுங்கோ, எனக்கு வேலை கிடக்கு," என்று பிள்ளையை நெஞ்சில் வைத்துவிட்டு வந்தேன்.

அன்று பின்னேரம் சம்பந்தி வீட்டார் பிள்ளை பார்க்க வந்தார்கள். கோயில் வாசலைத் தவிர வேறெங்கும் ஆட்கள் முன்னால் சேட்டைக் கழற்றாத மனுசன், வெறும் மேலோடு, நெஞ்சில் பிள்ளையோடு போய்க் கதவைத் திறந்தார்.

"வாங்கோ, வாங்கோ," என்றார். "மெல்லக் கதையுங்கோ, பிள்ளை நித்திரை."