மூக்கம்மாள் சுற்றிய பந்து

மண்ணரையில், வரிசையாகக் குடித்தனங்கள் இருந்த லைன் வீட்டு வாசலில் இனிமேல் பந்து விளையாடக் கூடாது என்று வீட்டுக்காரர் வேலுமணி சொல்லிவிட்டார். ரப்பர் பந்து பட்டு அவருடைய ஜன்னல் கண்ணாடி உடைந்திருந்தது.

"ஊட்டுக்கு ஊடு டிவி இருக்குதுங்களே. புள்ளைங்க உள்ள உக்காந்து பாக்கட்டுமுங்க."

அங்கே குடியிருந்த மூக்கம்மாளுக்கு அதுதான் பயம். பனியன் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. அவள் ஷிப்ட் முடிந்து வரும்வரை மகள் வேல்விழி கதவைச் சாத்திக்கொண்டு கார்ட்டூன் பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமைதான் ஓட்டமும் ஆட்டமும். சாத்தூர்ப் பக்கம், மகளின் வயதில் மூக்கம்மாள் தீப்பெட்டி ஒட்டினாள். மற்றப் பிள்ளைகள் தெருவில் ஓடுகிற சத்தம் மட்டும் காதில் விழும்.

"கண்ணாடி உடைக்காத பந்துன்னா விடுவீகளாண்ணே?"

வேலுமணி சிரித்தார். "அப்படியொரு பந்து இருந்தா ஆடட்டுமுங்க."

கம்பெனியில் கழித்துப் போட்ட சிவப்புத் துணியைக் கேட்டு வாங்கி வந்தாள். பனியன் துணியை நாடாவாகக் கிழித்து இழுத்தால் கயிறுபோலத் தானே சுருண்டுகொள்ளும். அதை இறுக்கிச் சுற்றி, மேலே தையல் போட்டாள். ஞாயிறு முழுக்கப் பிள்ளைகள் எறிந்தார்கள். ஒரு கண்ணாடியும் உடையவில்லை.

ஆனால் பந்து குழாயடி ஈரத்தில் உருண்டிருந்தது. பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவரெங்கும் சிவப்பு வட்டங்கள். சாயம் போகிறது என்றுதான் கம்பெனி அந்தத் துணியைக் கழித்திருந்தது.

"ஊரு பனியனையெல்லாம் செக் பண்றீங்க," என்றாள் பக்கத்து வீட்டுச் சித்ராதேவி. "இதைத் தண்ணியில முக்கிப் பாக்கக் கூடாதுங்களா அக்கா?"

"கம்பெனிச் சரக்குன்னா பாத்திருப்பேன். வெளையாட்டுச் சாமான்தானேன்னு இருந்துட்டேன்." சொல்லும்போதே மூக்கம்மாளுக்குச் சுருக்கென்றது.

வேலுமணி சிரிக்கவில்லை. "போதுமுங்க. இனி டிவியே இருக்கட்டும்."

"அடுத்த ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறுங்கண்ணே."

இந்த முறை வெள்ளைத் துணியில் சுற்றினாள். தண்ணீரில் ஊறவைத்து, துவைத்த வேட்டியில் அழுத்திப் பார்த்தாள். ஞாயிறு காலையில் ஏணி போட்டுச் சுவருக்கும் வெள்ளையடித்துவிட்டு, பந்தை வேலுமணியிடம் நீட்டினாள்.

அவர் புதுக் கண்ணாடி போட்ட தம் ஜன்னலைப் பார்த்தே ஓங்கி எறிந்தார். பந்து தொப்பென்று விழுந்தது. மறுபடி எறிந்தார். மூன்றாவது தடவை எறிந்தபோது கண்ணாடி அவர் நினைவிலேயே இல்லை, குறி பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிங்க. ஆடட்டும்."

பந்தை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தவர் சுவரில் கூரையோரம் ஒரு சிவப்பு வட்டத்தைக் கண்டார். "ஏனுங்க, அதுக்கு ஏணி எட்டலீங்களா?"

"எட்டுச்சுண்ணே." மூக்கம்மாள் சுண்ணாம்புக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "அது எம் மக எறிஞ்சது. அந்த ஒசரத்துக்கு வேற யாரு பந்தும் போகல."

வேலுமணி அண்ணாந்து பார்த்தார். பிறகு வேல்விழியைத் தேடினார். அவள் அதற்குள் அவர் கையிலிருந்த பந்தைப் பறித்துக்கொண்டு ஓடியிருந்தாள்.