மணிக்கட்டில் மூன்று விரல்கள்

மதியம் புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் நின்ற பஸ்ஸில் ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நாற்பது வயதிருக்கும். சேலைத் தோளில், ஊசி போட்ட இடத்தில் ஒட்டுவதற்காகக் கிழித்து வைத்த பிளாஸ்டர் துண்டு ஒன்று அப்படியே இருந்தது. நர்ஸ் என்று தெரிந்தது. கனகசெட்டிக்குளத்துக்கு டிக்கெட் எடுத்தார். எடுத்த கையோடு தூங்கிவிட்டார்.

முத்தியால்பேட்டை தாண்டி, வேகத்தடையில் பஸ் தூக்கிப் போட்டது. கண்ணைத் திறக்காமலே என் கையைப் பிடித்தார். மூன்று விரல்கள் நேராக மணிக்கட்டுக்குப் போய் நாடியை அழுத்தின. உதடுகள் எண்ணின. பிறகுதான் விழித்துக் கையை எடுத்தார்.

"மன்னிச்சுக்குங்கக்கா. நைட் டூட்டி முடிஞ்சி, காலைல வரவேண்டியவ வரல. அவ டூட்டியையும் சேத்து பாத்துட்டு வரேன்."

"பரவால்ல சிஸ்டர். தூங்குங்க."

"வீட்லயும் இப்டித்தான். பாப்பா கைய நீட்னா எண்ண ஆரம்பிச்சிட்றேன். 'சும்மா புடிம்மா'ன்னு அழுவும். இப்பல்லாம் எங்கிட்ட கையே குடுக்கறதில்ல."

சொல்லும்போது அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. யாரோ ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்வது போலிருந்தது. அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். அந்த விரல்கள் என் மணிக்கட்டின் ஓரம்வரை வருவதும் திரும்புவதுமாக இருந்தன.

காலாப்பட்டில் நான் எழுந்தேன்.

"எண்ணலக்கா," என்றார்.

கீழே இறங்கி ஜன்னலைப் பார்த்தேன். அதற்குள் தூங்கியிருந்தார். வலக்கை விரல்கள் மூன்றும் அவருடைய இடது மணிக்கட்டின்மேல் இருந்தன. உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.