கடைசியாக இறங்கிய கேப்டன்

திருவொற்றியூரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலை வாசலில் ஒரு காவலாளி இருந்தார். ராயபுரத்துக்காரர். ஒரு காலைச் சற்று இழுத்து நடப்பார். தொலைபேசியில் யார் என்ன சொன்னாலும் அதை உரக்கத் திருப்பிச் சொல்லி, "சரிதானா சார்?" என்று கேட்காமல் வைக்கமாட்டார். நாங்கள் சிரிப்போம்.

ஒரு மத்தியானம் காரணம் கேட்டேன்.

"சீனா சண்டைல நான் வயர்லெஸ்காரன் சார். மலை உச்சில நிக்கிறோம், குண்டு மழையா வுழுது. எங்க கேப்டன் தோள்ல ரத்தம் வழிய ஒவ்வொரு குழியா தவழ்ந்து போய், 'நான் இங்கதான் கீறேன்'னு தட்டிக் குடுத்தாரு. தோட்டா தீர்ந்துபோச்சு. அப்பதான் கீழ எறங்கச் சொல்லி மேலிடத்துலேர்ந்து வயர்லெஸ்ல உத்தரவு வந்துச்சு. நான்தான் கேட்டு அவராண்ட சொன்னேன். எல்லாரையும் முன்னால அனுப்பிட்டு, கால்ல அடிபட்ட என்னை முதுகுல சொமந்துகினு கடைசியா எறங்கினாரு."

"அப்புறம்?"

"உத்தரவு குடுத்த பெரிய ஆபீசரு, 'நான் குடுக்கவேயில்லை'ன்னுட்டாரு. விசாரணைல நான் சாட்சி சொன்னேன். குண்டு சத்தத்துல தப்பா கேட்டுட்டேன்னு முடிச்சிட்டாங்க. உத்தரவில்லாம எறங்கிட்டாருன்னு கேப்டனை வேலைய வுட்டே அனுப்பிட்டாங்க."

"அவர் உங்களை ஏதாவது சொன்னாரா?"

"வெளிய வந்து என் கையப் புடிச்சி, 'நீ சரியாத்தான் கேட்ட'ன்னாரு. அதான் சார் தாங்கல."

எண்ணூர் பக்கம் கிளம்பிய லாரியின் எண்ணைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டே சொன்னார்.

"ஓடிவந்தவன்னு பேர் வாங்கிக்கினு எந்த ஊர்ல கீறாரோ. பொய் சொன்ன ஆளு பதக்கம் குத்திக்கினு பேப்பர்ல நிக்கிறான்."

இன்றும் யாராவது வீரத்தைப் பற்றிப் பேசினால், நான் பார்த்தேயிராத அந்தக் கேப்டனைப் பற்றித்தான் சொல்கிறேன்.