கூப்பிட்டால் கேட்கும் பள்ளிக்கூடம்

செக்கு சுற்றும்போது "கிறீச்" என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தமும் எள்ளுப் பிண்ணாக்கு வாசமும்தான் எனக்குப் பள்ளிக்கூடம். வெள்ளைக்காரன் காலத்துச் சேந்தமங்கலத்தில் எங்கள் தெருவில் செக்கு, அதை ஒட்டிய கொட்டகையில் வாத்தியார், நாலு வீடு தள்ளி மளிகைக் கடை, எதிரில் வைத்தியர் என்று ஒரு குடும்பத்துக்கு வேண்டியதெல்லாம் காலுக்கு எட்டும்படி இருந்தது. பெண்பிள்ளை எதுவரை போகலாம் என்பதற்கு எங்கள் வீட்டில் ஒரே அளவு: வாசலில் நின்று அம்மா கூப்பிட்டால் காதில் விழ வேண்டும். கொட்டகை அந்த அளவுக்குள் இருந்ததால் மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். கணக்கில் என்னை மிஞ்ச ஆண்பிள்ளை இல்லை.

பிறகு சந்தைப்பேட்டைக்கு அப்பால் ஓடு வேய்ந்து நல்ல கட்டடம் கட்டி, பள்ளிக்கூடத்தை அங்கே மாற்றினார்கள். வாத்தியார் வீட்டுக்கே வந்து, "ஒரு வெத்தலை மெல்லற நேரங்கூட ஆகாதுங்க, அனுப்புங்க" என்றார்.

நாங்கள் "அப்பாரு" என்று அழைக்கும் அப்பாவின் அப்பா, "கூப்புட்டுப் பாக்கலாமுங்க வாத்தியாரே. கேட்டாப் போவட்டும்" என்றார்.

மறுநாள் காலை புதுக் கட்டடத்துப் படியில் நின்றேன். ஒரு பக்கம் வாத்தியார், சாட்சிக்குச் சித்தப்பா. வண்டி மாட்டுச் சலங்கை கேட்டது, மெல்லச் செக்குச் சத்தம்கூடக் கேட்டது, அம்மா குரல் மட்டும் வரவில்லை. வாத்தியார் குனிந்து, "கேட்டுச்சுன்னு சொல்லு அம்மிணி, ஆரு பாக்கப் போறா?" என்றார். சித்தப்பாவும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பொய் சொல்லிப் படிக்க வேண்டியதில்லை என்று எனக்கு ஒரு வீறாப்பு.

"கேக்கலீங்க" என்றேன். வீட்டுக்கு நடந்தேன். அழுததாக நினைவில்லை.

எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு, ஒருநாள் அவரைக்காய் நறுக்கும்போது அம்மா சொன்னாள்: "அன்னிக்கு அப்பாரு கட்டில்ல உக்காந்திருந்தாங்க சாமி. மாமனாரு முன்னால எப்படிக் கத்தறது? உதட்டுக்குள்ளதான் கூப்புட்டேன்."

"செரி, உடு" என்று அடுத்த காயை எடுத்தேன்.

இப்போது செக்கு இல்லை, கொட்டகை இல்லை, மளிகைக் கடையும் இல்லை. உப்புக்குக்கூட மகன் வண்டி எடுக்கிறான். பேத்தியை வாசலில் வேன் வந்து ஏற்றி நாமக்கல்லுக்குக் கொண்டுபோகிறது. அந்த ஓட்டுக் கட்டடம் மட்டும் இன்னும் பள்ளிக்கூடமாகவே இருக்கிறது. போன வாரம் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு, கோலூன்றி அதுவரை நடந்து பார்த்தேன். படியில் கால் வைத்தபோது வெற்றிலை இன்னும் மென்று தீரவில்லை.