மாமா வீட்டு வாசலில் நின்ற கேரவன்

இரண்டு வருடங்களுக்கு முன், ஆடி மாதத்தில் கோவையிலிருந்து ராஜபாளையத்துக்குப் போன பயணம் அது. அம்மாவுக்குப் புற்றுநோய் முதுகெலும்பு வரை பரவி, உட்காரவே முடியாத நிலை. டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அண்ணனை ஒரு தடவை பாக்கணும்."

ராஜபாளையம் பக்கத்தில் செட்டியார்பட்டிதான் அம்மா பிறந்து வளர்ந்த ஊர். மில்லில் வேலை பார்த்த அப்பாவைக் காதலித்து, மதம் மாறிக் கல்யாணம் செய்துகொண்டதால் அன்றோடு பிறந்த வீட்டு உறவு முடிந்துபோனது. அப்பா இறந்தபோதும் அங்கிருந்து யாரும் வரவில்லை. இப்போதும் மாமாவுக்குப் பலமுறை போன் செய்து பார்த்தேன், எடுக்கவேயில்லை. நேரில் போய் நின்றால் மனசு இளகாதா என்று நினைத்தேன்.

ஆம்புலன்ஸில் போகலாம் என்றார் என் கணவர். அம்மா சம்மதிக்கவில்லை. "ஊருக்குள்ள பொணம் வருதுன்னு நெனப்பாவ," என்றாள். அதனால்தான் படுக்கை வசதியுள்ள கேரவன் வண்டியை டிரைவரோடு வாடகைக்கு எடுத்தோம். நாங்கள் இருவர், அம்மா, கல்லூரியில் படிக்கும் எங்கள் மகள்.

வழியெல்லாம் வலியில் முனகிக்கொண்டு வந்தவள், மேற்கே மலை தெரிந்ததும் தலையணையை உயர்த்தச் சொன்னாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் வண்டியை நிறுத்தச் சொல்லி, "ஏட்டி, பால்கோவா வாங்கிட்டு வா. அண்ணனுக்கு உசுரு," என்றாள். அதன்பிறகு ஊர் வரும்வரை அந்தப் பொட்டலத்தை வயிற்றின்மேல் வைத்துப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

மாமா வீட்டு வாசலில் வண்டி நின்றது. அம்மாவை மகளிடம் விட்டுவிட்டு நான் பொட்டலத்தோடு இறங்கினேன். கதவைத் திறந்தது மாமாவின் மகன். நான் யார் என்று சொன்னதுமே தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்பா ஊர்ல இல்ல. எப்ப வருவாவன்னு தெரியாது."

பொட்டலத்தை நீட்டினேன். வாங்காமல் கதவைச் சாத்திவிட்டார்.

எதிர்வீட்டுப் பெண் ஒருவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும், "அவிய எங்கயும் போகலம்மா. செத்த நேரம் முன்னாடிதான் வெளிய வந்துட்டு உள்ள போனாவ," என்றார். அம்மாவை அவருக்குத் தெரியாது. அம்மா ஊரைவிட்டுப் போன பிறகு அந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். ஆனாலும் வீட்டுக்குள் ஓடிப்போய் வெந்நீர் கொண்டுவந்தார். வண்டிக்குள் ஏறி அம்மாவின் முகத்தைத் துடைத்துவிட்டார். பிறகு இறங்கிப்போய் மாமா வீட்டு வாசலில் நின்று தெருவே கேட்கும்படி சத்தம் போட்டார்.

"அண்ணாச்சி! கூடப்பொறந்தவ வாசல்ல கெடக்கா. ஒரு வார்த்தை பேசுனா கொறஞ்சா போயிருவீய?"

பிறகு கதவு திறந்தது. மாமா வெளியே வந்து நின்றார். வண்டிக் கண்ணாடி வழியாக அம்மாவும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாலு எட்டு தூரம்கூட இருக்காது. அம்மா மெல்லக் கையை உயர்த்தினாள். மாமாவின் உதடு அசைந்த மாதிரி இருந்தது. ஆனால் அவர் திரும்பி உள்ளே போய்விட்டார். உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் எங்களுக்குக் கேட்டது.

எதிர்வீட்டுப் பெண் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அம்மா அழவில்லை.

"அண்ணனுக்கு அம்புட்டும் நரைச்சுப் போச்சு," என்றாள். பிறகு, "வண்டிய எடுக்கச் சொல்லு."

திரும்பும் வழியில் அவள் ஜன்னல் பக்கமே பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்தபின் வலிக்கு மாத்திரைகூடக் கேட்கவில்லை. ஆவணி பிறக்கும்முன் போய்ச் சேர்ந்துவிட்டாள். மாமா வீட்டுக்குத் தகவல் அனுப்பினோம். அங்கிருந்து ஒருவரும் வரவில்லை.

அம்மாவின் கடைசி ஆசையை நிறைவேற்றினாய் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் நான் அழைத்துப் போகாமல் இருந்திருந்தால், 'நேரில் போயிருந்தால் அண்ணன் என்னோடு பேசியிருப்பான்' என்ற நம்பிக்கையோடாவது அவள் கண்ணை மூடியிருப்பாளே என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.